ஸ்குவாஷ் போட்டிக்கு எட்டு வாரம்: எதைப் பழகுவது, எதை விடுவது?

கேள்வி: எனக்கு வயது 42. சென்னையில் ஒரு கிளப்பில் மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு நாள் மாலையில் ஸ்குவாஷ் ஆடுகிறேன். எட்டு வாரம் கழித்து ஓப்பன் போட்டி ஒன்றில் 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறேன். போன முறை முதல் கேமை வென்றுவிட்டு அடுத்த மூன்றையும் விட்டேன். ஓட்டப் பயிற்சியில் நேரம் போடுவதா, ஷாட் பயிற்சியிலா? போட்டியன்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் கேமை எடுத்துவிட்டு மூன்றைக் கோட்டைவிட்டால், தெம்பு போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மூச்சு வாங்கத் தொடங்கியதும் உங்கள் டிரைவ் (பந்தைப் பின்னால் அனுப்பும் நீண்ட அடி) பின்மூலை வரை போகாமல் நடுக்கோர்ட்டிலேயே விழுகிறது. எதிராளி கோர்ட்டின் நடுவில் கோடுகள் சந்திக்கும் ‘டி’யில் நின்றபடி அதை முன்மூலைக்கும் பின்மூலைக்கும் மாற்றி மாற்றித் தட்டுகிறார். அதற்கு ஓடி ஓடித்தான் மிச்சமிருந்த மூச்சும் போகிறது. ஆகவே களைத்த நிலையிலும் பந்தைப் பின்மூலைக்குக் கொண்டுபோகப் பழகுங்கள். இந்த எட்டு வாரத்துக்கு அதுதான் முக்கிய வேலை. புதிய டிராப் ஷாட் (முன்சுவரருகே மெதுவாக விழும் அடி), புதிய நிக் (சுவரும் தரையும் சேரும் இடத்தில் விழும் அடி) எதுவும் இப்போது வேண்டாம். தொலைக்காட்சியில் பார்க்கும் தொழில்முறை ஆட்டத்தில் டின்னின் (முன்சுவரின் அடியில் உள்ள, பந்து படக்கூடாத பட்டை) உயரம் 43 செ.மீ. உங்கள் கிளப்பில் அநேகமாக 48 செ.மீ. இருக்கும். அங்கே புள்ளி தரும் டிராப் இங்கே டின்னில் ‘டங்’ என்று அடிக்கும்.

கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர். கோர்ட்டின் குறுக்கே போகும் ஷார்ட் லைன் முன்சுவரிலிருந்து 5.44 மீட்டரில் இருக்கிறது. அதன் பின்னால் இரு பக்கமும் 1.6 மீட்டர் சதுரமாக சர்வீஸ் பாக்ஸ். நல்ல லெங்த் (பந்து பின்னால் போய் விழும் தூரம்) என்றால் பந்தின் முதல் பவுன்ஸ் அந்த பாக்ஸின் பின்கோட்டைத் தாண்டி விழ வேண்டும், இரண்டாவது பவுன்ஸ் பின்சுவரின் காலடியில் விழ வேண்டும். முதல் பவுன்ஸ் அதைவிட முன்னால் விழுந்தால் எதிராளி வசதியாக எடுப்பார். பின்சுவரில் வேகமாக மோதினால் பந்து திரும்பி வந்து அவருக்குத் தானாக நேரம் கொடுக்கும்.

வாரம் ஒருமுறை இருபது நிமிடம் தனியாகப் பழகுங்கள். பாக்ஸுக்குப் பின்னால் நின்று, சுவரை ஒட்டி நேர் டிரைவ் மட்டும். பேக்ஹேண்டுக்குப் பதின்மூன்று நிமிடம், ஃபோர்ஹேண்டுக்கு ஏழு. முதல் இரண்டு வாரம், ஷார்ட் லைனுக்குப் பின்னால், பாக்ஸின் அகலத்துக்குள் தொடர்ந்து பத்து அடி விழ வேண்டும். எட்டாவது அடி தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். அது கைகூடியதும் இலக்கை பாக்ஸின் பின்கோட்டுக்கு அப்பால் தள்ளுங்கள். ஆள் இருந்தால், ஒருவர் பின்மூலையிலிருந்து பக்கச்சுவரில் போட்டு முன்னால் கொண்டுவர, மற்றவர் அதை நேராகப் பின்னால் அனுப்பும் பயிற்சியை ஐந்து ஐந்து நிமிடமாக மாறி மாறிச் செய்யலாம். இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது நிபந்தனை ஆட்டம். அதில் எல்லா அடியும் ஷார்ட் லைனுக்குப் பின்னால்தான் விழ வேண்டும், முன்னால் விழுந்தால் புள்ளி போச்சு. 11 புள்ளிக்கு மூன்று கேம் இப்படி ஆடினால் தொடை எரியும். போட்டியில் வரப்போவதும் அதே எரிச்சல்தான்.

சென்னை வெயில் இதில் ஒரு தனிக் கணக்கு. குளிர்சாதனம் இல்லாத கோர்ட்டில் பந்து சீக்கிரம் சூடேறித் துள்ளும். வழக்கமான உயரத்தில் அடித்தால் பின்சுவரில் மோதி நடுக்கோர்ட் வரை வந்துவிடும். அங்கே முன்சுவரில் சற்றுத் தாழ்வாக, வேகத்தைக் குறைத்து அடிக்க வேண்டும். குளிரூட்டிய கோர்ட்டில் பந்து செத்துப்போகும், அங்கே உயர்த்தி அடித்தால்தான் பின்னால் சேரும். போட்டி நடக்கும் கோர்ட் எப்படி என்று இப்போதே விசாரித்து, முடிந்தால் ஒரு நாள் அதே நேரத்தில் அங்கே ஆடிப் பாருங்கள். மாலையில் மட்டுமே ஆடிப் பழகியவர் காலை பதினொரு மணி ஆட்டத்தில் லெங்த் பிடிபடாமல் ஒரு கேமைத் தொலைப்பது சாதாரணமாக நடப்பது. பந்தையும் பாருங்கள். போட்டிகளில் பொதுவாக இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்துதான். கிளப்பில் ஒற்றை மஞ்சள் புள்ளியில் ஆடுகிறீர்கள் என்றால் இன்றே மாறுங்கள். ஒற்றைப் புள்ளிப் பந்து கூடுதல் நேரம் துள்ளி நிற்பதால், எட்டாத பந்தும் எட்டுவதுபோல் உங்களை ஏமாற்றிவிடும்.

ஓட்டத்துக்கு மெரினாவில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதால் பெரிய லாபமில்லை. ஸ்குவாஷில் வருவது குறுகிய வெடிப்பு, குறுகிய ஓய்வு. அதற்கு ‘கோஸ்டிங்’ செய்யுங்கள். பந்தில்லாமல், ராக்கெட்டுடன், டியிலிருந்து முன்மூலை இரண்டு, நடுப்பக்கம் இரண்டு, பின்மூலை இரண்டு என்று ஓடி, ராக்கெட்டை வீசி, ஒவ்வொரு முறையும் டிக்குத் திரும்புவது. 30 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு, எட்டு சுற்றில் தொடங்கி ஐந்தாவது வாரத்துக்குள் பதினைந்துக்குக் கொண்டுபோங்கள். முன்மூலையில் முட்டி பாதத்தைத் தாண்டி மடங்காமல் நீளமாகக் கால் வைக்க வேண்டும். களைப்பில் இது கெட்டுப்போனால் அந்தச் சுற்றோடு நிறுத்துங்கள், முட்டிவலி வருவது அப்படித்தான். நாற்பதைத் தாண்டியவர் இதைத் தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் இருந்தால் கட்டாயம் பாருங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் கோர்ட் பக்கமே போகாதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு நாளை மூன்றாக்குங்கள்: ஒரு நாள் தனிப் பயிற்சியும் கோஸ்டிங்கும், ஒரு நாள் நிபந்தனை ஆட்டம், ஒரு நாள் ஐந்து கேம் முழு ஆட்டம். ஆறாவது வாரத்தில் ஒரு ஞாயிறு மட்டும் காலையில் ஒரு முழு ஆட்டம், மூன்று மணிநேரம் கழித்து இன்னொன்று. பல அமெச்சூர் போட்டிகளில் முதல் நாளே இரண்டு ஆட்டம் வந்துவிடும். இறுகிய காலோடு இரண்டாவது ஆட்டத்தை எப்படித் தொடங்குவது, நடுவில் எதைச் சாப்பிட்டால் வயிறு ஒத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். கடைசி வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். கடுமையான பயிற்சி போட்டிக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் அரைமணி நேரம் லேசாக அடித்தால் போதும்.

ராக்கெட் நரம்பைப் போட்டிக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். பத்து நாள் முன்னால் மாற்றி, இரண்டு மூன்று முறை ஆடிவிடுங்கள். ஒரே இழுவிசையில் கட்டிய இரண்டாவது ராக்கெட் கையில் இருக்கட்டும். ஓட்டப்பந்தய ஷூ ஆகாது. அதன் உயரமான அடிப்பாகம் பக்கவாட்டில் கணுக்காலைப் புரட்டிவிடும். தரையில் கறை படியாத, தட்டையான ரப்பர் அடி உள்ள உட்புற ஷூ வேண்டும். கண் கவசத்தையும் போட்டுப் பழகுங்கள். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் ஏறத்தாழ 40 மி.மீ., கண்குழிக்குள் அப்படியே புகுந்துவிடும் அளவு. ஜூனியர்களுக்குக் கட்டாயம் என்றால் பெரியவர்களின் கண் மட்டும் என்ன இரும்பா?

இனி போட்டி நாள். மூன்று மணிநேரம் முன்னதாக நான்கு இட்லி, கொஞ்சம் சாம்பார். நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் ஆட்டம் முடிந்த பிறகு. ஆறாவது வாரத்து முழு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். அடுத்த ஆட்டத்துக்குள் அதைவிடச் சற்று அதிகமாகவே, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்துக் குடிக்கலாம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் வாழைப்பழம், சிறிய கிண்ணம் தயிர்சாதம். பையில் நான்கு டி-ஷர்ட், இரண்டு ஜோடி காலுறை, உபரி கிரிப், வயதுச் சான்று.

கோர்ட்டுக்குள் இருவரும் சேர்ந்து பந்தைச் சூடேற்ற நான்கு நிமிடம் தருவார்கள், இரண்டாவது நிமிடத்தில் பக்கம் மாற வேண்டும். சில போட்டிகளில் இன்னும் பழைய ஐந்து நிமிடமே நடப்பில் இருக்கிறது. இது பந்துக்கான நேரம். உங்கள் உடம்பு அதற்கு முன்பே, வெளியில் பதினைந்து நிமிடம் கயிறு தாண்டி, கால் நீட்டி, வெறும் ராக்கெட் வீசிச் சூடாகியிருக்க வேண்டும். அந்த நான்கு நிமிடத்தில் எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் ஒரு பந்தை உயரமாகத் தூக்கிப் போடுங்கள். அதை வாலியில் (தரையில் படும் முன்) எடுக்கத் தடுமாறினால், உயரமாகத் தூக்கிப் போடும் லாப் சர்வீஸை எந்தப் பக்கம் போடுவது என்பது தெரிந்துவிட்டது.

சர்வீஸை வெறும் தொடக்கமாக வீணாக்குபவர்கள் அதிகம். வலது பாக்ஸிலிருந்து, எதிராளி வலதுகைக்காரர் என்றால் அவர் பேக்ஹேண்டுக்கு, உயரமாகவும் மெதுவாகவும். பந்து பக்கச்சுவரில் மேலே பட்டுப் பின்மூலையில் இறங்க வேண்டும். மிக உயர்த்தினால் பக்கச்சுவர் அவுட் கோட்டுக்கு மேலே போய்ப் புள்ளி பறிபோகும், அதனால் ஒவ்வொரு பயிற்சி நாளும் இருபது சர்வீஸ் போட்டுப் பழகுங்கள். அடிக்கும் கணத்தில் ஒரு காலாவது பாக்ஸுக்குள் முழுதாகத் தரையில் இருக்க வேண்டும். கோட்டை மிதித்தால் ஃபுட் ஃபால்ட்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் ஐந்து புள்ளிக்குப் பின்மூலைகளைத் தவிர வேறெங்கும் அடிக்காதீர்கள். கோர்ட் எப்படித் துள்ளுகிறது, எதிராளி எந்தப் பக்கம் பலவீனம் என்பதெல்லாம் அதற்குள் புரியும். கிராஸ்கோர்ட் (குறுக்காக எதிர்ப்பக்கம் அனுப்பும் அடி) அடித்தால் எதிராளியின் ராக்கெட் எட்டாத அகலத்தில் போக வேண்டும். டியில் நிற்பவரின் கைக்கு நேராகப் போகும் கிராஸ்கோர்ட் அமெச்சூர் ஆட்டத்தில் நிறையப் புள்ளி இழக்க வைக்கும் அடி. கேம்களுக்கு நடுவில் இரண்டு நிமிடம். உட்காருங்கள், குடியுங்கள், கிரிப்பைத் துடையுங்கள், ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். போன கேமில் டின்னில் மூன்றுக்கு மேல் அடித்திருந்தால், முடிவு ‘இன்னும் ஒரு சாண் மேலே’. நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், கேட்டுக்கொண்டு தலையாட்டினால் போதும்.

போட்டியில் கிளப் ஆட்டக்காரர்களைத் தடுமாற வைப்பது விதிகள். குறுக்கே ஆள் நின்றால் அடிக்காமல் உடனே ‘லெட் ப்ளீஸ்’ (அந்தப் புள்ளியை மறுபடி ஆடலாமா) என்று கேளுங்கள். இடித்தபடியே அடித்துவிட்டு, அது டின்னில் பட்டபின் கேட்டால் கிடைக்காது. பந்தை எட்டியிருப்பீர்கள் என்பதும், எட்ட முழு முயற்சி எடுத்தீர்கள் என்பதும் நடுவருக்குத் தெரிய வேண்டும். எதிராளி உங்கள் வீச்சைத் தடுத்தாலோ, பந்து முன்சுவருக்கு நேராகப் போகும் வழியில் நின்றாலோ புள்ளியே உங்களுக்கு. பந்தைப் பின்தொடர்ந்து உடம்பைச் சுற்றித் திரும்பியபின் அடித்து அது எதிராளிமேல் பட்டால், பெரும்பாலும் புள்ளி அவருக்குப் போகும். அங்கே அடிக்காமல் நிறுத்துவதே சரி. அடித்ததும் விலகி வழிவிடுவது உங்கள் பொறுப்பு.

டிராவை (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல்) கவனமாகப் படியுங்கள். நாக்அவுட் என்றால் முதல் சுற்றில் தோற்றவர்களுக்கு ‘பிளேட்’ பிரிவு இருக்கிறதா, அதில் ஐந்து கேமா மூன்று கேமா என்று கேளுங்கள். ‘மான்ராட்’ முறை என்றால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை ஆட்டம், கடைசி இடம் வரை தரவரிசைக்கு ஆடுவார்கள். எதுவானாலும் தோற்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பல கிளப் போட்டிகளில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு மார்க்கர், அதாவது புள்ளியைச் சொல்பவர். சர்வீஸ் போடுபவரின் புள்ளியை முதலில் சொல்ல வேண்டும், அவர் அந்தப் புள்ளியைத் தோற்றால் ‘ஹேண்ட் அவுட்’, 10 புள்ளி எடுத்து முன்னணியில் நின்றால் ‘கேம் பால்’. 10-10 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆட்டம் போகும். பேனாவும் காகிதமும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.