மகள் பூச்சிமருந்து ஆய்வு படிக்கலாமா? மொரிஷியஸ் ரோஸ்ஹில் தாயாருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

கரும்புத் தோட்டத்தில் மருந்தடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட மாமனாரைப் பார்த்தவர் நீங்கள். மகளும் பூச்சிமருந்துப் பக்கம் போகிறேன் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அவள் கேட்பது மருந்தடிக்கும் வேலையை அல்ல. எந்த மருந்து எவ்வளவு குறைந்த அளவில் பூச்சியைக் கொல்கிறது என்று அளந்து சொல்லும் வேலையை. அது தெரியாததால்தான் தோட்டக்காரர்கள் மருந்துக்கு மேல் மருந்து தெளிக்கிறார்கள்.

முட்டைகோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியையே பாருங்கள். 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்துக்குச் சாகாமல் நின்றது. 1990-ல் ஹவாய்த் தோட்டங்களில் பி.டி. என்னும் பாக்டீரியா மருந்தையும் தாங்குவதாகத் தெரியவந்தது. இதை அளக்க, ஆய்வுக்கூடத்தில் மருந்தை ஐந்தாறு செறிவுகளில் கரைத்து, இலைத்துண்டுகளை முக்கி உலர்த்தி, ஒரே பருவத்துப் புழுக்களை அவற்றில் விடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீரில் முக்கியெடுத்த இலையும் இருக்கும். பிறகு 24, 48, 72 மணி நேரத்தில் தூரிகையால் தொட்டுப் பார்த்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். பாதிப் புழுக்கள் சாகும் செறிவுதான் எல்.சி.50. அது குறையக் குறைய மருந்தின் நச்சுத்தன்மை அதிகம் என்று பொருள். தண்ணீர் இலையிலும் சில புழுக்கள் செத்தால், 1925-ல் அபட் என்னும் பூச்சியியலாளர் தந்த சூத்திரத்தால் கணக்கைத் திருத்துவார்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனையையே மறுபடி தொடங்க வேண்டியதுதான். பி.டி. போன்றவை புழு தின்ற பிறகே வேலை செய்யும் என்பதால், முதல் நாள் கணக்கை மட்டும் வைத்து, மருந்தால் பயனில்லை என்று எழுதிவிடவும் கூடாது. இந்தப் பொறுமை மகளுக்கு உண்டா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைப் பள்ளிப் படிப்பில் கணிதத்தை விட்டுவிட நினைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விட விடாதீர்கள். எண்ணிய புழுக்களை எல்.சி.50 ஆக்குவது புரோபிட் என்னும் புள்ளியியல் கணக்கு. அங்கே தடுமாறினால் உயிரியல் மதிப்பெண் கைகொடுக்காது. வேதியியலும் கட்டாயம் இருக்கட்டும்.

படிப்புக்கு ரெதுய்யில் மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது. கரும்பு ஆராய்ச்சி நிறுவனமும் வேளாண் அமைச்சின் பூச்சியியல் பிரிவும் அதே ஊரில்தான். ஆனாலும் தீவு சிறியது. பூச்சியியலாளர் பணியிடங்கள் குறைவு. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. காய்கறிகளில் மருந்து எச்சம் அளக்கும் ஆய்வுக்கூடங்களையும் அவள் மனத்தில் வைத்துப் படிக்கட்டும். 2018-ல் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டுக்கென்றே சட்டம் வந்த நாடு இது. எச்சம் அளக்கும் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு உணவுத் துறையிலும் வழியுண்டு.

உடல்நலம் பற்றிய உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சேரும் முன் மகளோடு துறைக்கே போய்க் கேளுங்கள். கையுறை, மேலங்கி தருகிறார்களா? மருந்தைக் காற்றுறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துத்தான் கலக்குகிறார்களா? மிஞ்சிய கரைசலை யார், எங்கே அப்புறப்படுத்துகிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால், இறுதியாண்டு ஆய்வுக்கு வேறு மேற்பார்வையாளரைத் தேடச் சொல்லுங்கள்.