ஃபார்மேட்டுக்கு முன் படங்களை வெளியே எடுங்கள்

கடையில் பென் டிரைவைப் போட்டு வாங்கி வந்ததிலிருந்து உங்கள் விண்டோஸ் கணினியில் வைரஸ், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி நின்றுபோய் நீலத்திரை, உள்ளே மகளின் படங்கள் என்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். வேறொரு கணினியில் 16 ஜிபி பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம், இலவசம்) ஏற்றி, உங்கள் கணினியை அதிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்து தொடங்குங்கள், இன்ஸ்டால் வேண்டாம், சும்மா ‘ட்ரை’ போதும். விண்டோஸ் ஓடாதபோது அந்த வைரஸும் ஓடாது, படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நிதானமாக நகலெடுக்கலாம். படங்களும் ஆவணங்களும் மட்டும், இஎக்ஸ்இ (.exe, நிரல்) கோப்பு ஒன்றுகூட வேண்டாம்.

அப்புறம் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன், கால் மணி நேரம்தான். ஆனாலும் நானாக இருந்தால் விண்டோஸைப் புதிதாகவே போடுவேன். அதற்குப் பிறகும் நீலத்திரை வந்தால் ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) சோதியுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை இன்றே ஃபோனிலிருந்து மாற்றிவிடுங்கள், அந்தக் கணினியில் வேண்டாம்.