பெல்ட் போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். 13 வயது மகளுக்குப் பெருமூளை வாதம், பிறந்ததிலிருந்தே நடந்ததில்லை. முதுகு 70 டிகிரி வளைந்துவிட்டது, கம்பி வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாட்டியோ, முதுகில் கத்தி வைத்தால் பிள்ளை படுத்த படுக்கையாகிவிடும் என்று அழுகிறார். முதுகைத் தாங்கும் பெல்ட் போட்டால் போதாதா என்பது அம்மாவின் கேள்வி.

போதாது அம்மா. இந்தப் பிள்ளைகளுக்கு முதுகு வளைவது தசையைப் பிடித்து நிறுத்தும் கட்டளை மூளையிலிருந்து சரியாக வராததால். பெல்ட் உட்கார உதவும், அதற்காகப் போடலாம், ஆனால் வளைவை நிறுத்தாது. 50 டிகிரியைத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். உங்கள் மகளுக்கோ இன்னும் வளரும் வயது. தள்ளிப்போட்டால் வளைவு இறுகிவிடும், அப்புறம் ஆபரேஷன் இன்னும் கடினம்.

அந்த ஆபரேஷனில் மேல்முதுகிலிருந்து பெரும்பாலும் இடுப்பு எலும்பு வரை திருகாணி போட்டு இரண்டு கம்பிகளைப் பொருத்துவார்கள், எலும்புத் துண்டுகளை மேலே பரப்புவார்கள், சில மாதங்களில் எல்லாம் ஒரே எலும்பாகச் சேர்ந்துவிடும். நடக்க வைக்காது, பேச வைக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். நேராக உட்கார வைக்கும். இப்போது இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு முழு எடையும் ஒரே புட்டத்தில் விழுகிறதா, விலா எலும்பு இடுப்பில் இடிக்கிறதா, சாயாமல் இருக்கவே கையை ஊன்றிக்கொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். அந்தக் கை விடுபடுவதற்காகத்தான் இந்த ஆபரேஷன் என்று நான் பெற்றோரிடம் சொல்வேன்.

பாட்டியின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பல மணி நேர ஆபரேஷன், ரத்தம் நிறைய போகும், பிறகு ஐசியூவில் மூச்சுக் கருவி தேவைப்படலாம். நிமோனியா வரலாம், புண்ணில் கிருமி பிடித்தால் மறுபடி திறந்து கழுவ வேண்டியிருக்கும், அரிதாக உயிருக்கே ஆபத்து உண்டு. மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைகளுக்குச் செய்வதைவிட இவர்களுக்குச் சிக்கல் நிச்சயமாக அதிகம். ஆனால் படுத்த படுக்கை என்று பாட்டி பயப்படுவது பெரும்பாலும் வளைவு கூடிக்கூடி உட்கார முடியாமல் போகும்போதுதான் வருகிறது, அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். நுரையீரல் ரொம்பவே பலவீனம் என்றால் ஆபரேஷன் வேண்டாம், நல்ல சாய்வு நாற்காலி போதும் என்று முடிவெடுப்பதும் அன்பான முடிவுதான்.

ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்கள்தான் முக்கியம் என்பேன். ஒல்லியான பிள்ளைக்குப் புண் ஆறத் தாமதமாகும், கிருமி சீக்கிரம் பிடிக்கும். கஞ்சியில் நெத்திலிப் பொடி, முட்டை, கொஞ்சம் எண்ணெய் சேருங்கள், மாதாமாதம் எடை பாருங்கள். சாப்பிடும்போது இருமுகிறாளா, அடிக்கடி புரை ஏறுகிறதா? அப்படியென்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், சிலருக்கு முன்கூட்டியே வயிற்றில் குழாய் வைத்து எடை ஏற்றுவார்கள். வலிப்புக்கு எப்பிலிம் கொடுக்கிறீர்களா? அந்த மருந்து ரத்தம் உறைவதைக் குறைக்கலாம், மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு கூடிவிடும்.

பிறகு வீட்டில் பழக்கங்கள் மாறும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது, ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்கு. முதுகு இனி வளையாது என்பதால் மடியில் சுருட்டி வைத்துச் சோறு ஊட்டுவது, காலை நீட்டி அதில் கிடத்திக் குளிப்பாட்டுவது எல்லாம் முடியாது, குளியல் நாற்காலி வாங்கி வையுங்கள். உட்காரும்போது சில சென்டிமீட்டர் உயரமாகிவிடுவாள், சக்கர நாற்காலியை மறுபடி அளவெடுக்க வேண்டும், வேனில் ஏற்றும்போது தலை இடிக்கும்.

பணத்துக்காகத் தயங்க வேண்டாம். ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணி அதிகாரி இருப்பார், கம்பி திருகாணிச் செலவுக்குத் தாபோங் பந்துவான் பெருபாத்தானில் (அரசின் மருத்துவ உதவி நிதி) விண்ணப்பிக்கலாமா என்று அவரைக் கேளுங்கள், தேதி கிடைத்த பிறகு இல்லை, இப்போதே.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பாட்டியையும் கூட்டிப் போங்கள், எக்ஸ்ரேயை அவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.