நீர்க்கடுப்பு என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். சிறுநீர் வழியில் வந்த சீழ் நின்று, மறுபடி வருகிறது. இன்னும் பவரான ஆன்டிபயாடிக் வாங்கலாமா?

வாங்காதீர்கள். கோத்தகிரியில் பதினோரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். நீர்க்கடுப்பில் எரியும், சீழ் வடியாது. உடலுறவால் தொற்றும் வெட்டை நோய், அதாவது கொனோரியா, அல்லது அதே வழியில் தொற்றும் கிளமிடியாவாக இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும்.

எங்கள் மலையில் குளிருக்குத் தண்ணீர் குடிப்பது குறைவு. எரிந்தால் எல்லாமே நீர்க்கடுப்புதான். மே சீசனில் ஒரு டூரிஸ்ட் வண்டி டிரைவர், கடையில் கூட்டம் குறையும் வரை எதிர் டீக்கடையில் நின்றுவிட்டு வந்தார். ஓரம் கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்றை நீட்டி, "இதே ரெண்டு குடுங்கண்ணா, போன தடவ கேட்டுச்சு" என்றார். சிப்ரோஃப்ளாக்சசின். மேட்டுப்பாளையத்தில் சீட்டில்லாமல் வாங்கியது. இங்கே வாங்கினால் ஊருக்கே தெரியும் என்ற பயம்.

அந்த மருந்து வெட்டை நோய்க் கிருமியிடம் எடுபடாமல் போய் வருடங்கள் ஆகின்றன. 1940களில் பெனிசிலின் ஒன்றே போதுமாக இருந்தது. 1976இல் அதை உடைக்கும் நொதியோடு கிருமி வந்துவிட்டது. பிறகு டெட்ராசைக்ளின் போனது, சிப்ரோ போனது. இப்போது பெரிதும் நம்புவது செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத்தான். அதற்கும் அடங்காத கிருமியை 2009இலேயே ஜப்பானின் கியோட்டோவில் ஒருவரிடம் கண்டார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது தொண்டை. வாய்வழி உறவில் இந்தக் கிருமி அங்கே போய், அறிகுறி எதுவும் காட்டாமல் தங்கும். நம் தொண்டையில் வழக்கமாக வாழும் இதன் உறவுக்காரக் கிருமிகளிடமிருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும். சளி பிடித்ததும் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை கேட்டு வருகிறார்களே, அதில் அந்த உறவுக்காரர்கள் பழகித் தேறிவிடுகிறார்கள். சளிக்கு விழுங்கியது வெட்டை நோய்க்கான மருந்தைக் கெடுக்கிறது. ஆரம்ப வருடங்களில் நானும் அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையாக இருக்கும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கிறதே, அது எச்1 பட்டியல் மருந்து. 2014 முதல் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும்.

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். சுகவாழ்வு மையம் என்று பலகை இருக்கும். மருந்து இலவசம், விவரம் வெளியே போகாது. எங்கே இருக்கிறது என்று 1097 என்ற உதவி எண்ணில் கேட்டால் சொல்வார்கள். எச்ஐவி, சிஃபிலிஸ் பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். மனைவியோ துணையோ கூட வரட்டும். பெண்களில் பலருக்கு இது வெளியே தெரியாது, உங்களுக்கு மட்டும் குணமானால் திரும்பவும் வரும்.

அந்த டிரைவர் மனைவியோடுதான் ஊட்டிக்குப் போனார்.

போகும் முன் கையிலிருக்கும் மிச்ச மாத்திரையைப் போடாதீர்கள். போட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது வளராது. ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து போங்கள். ஏற்கெனவே போட்ட மாத்திரையின் அட்டையை மறக்காமல் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.