காடு முதலிலா, சதுப்பு முதலிலா?

மலைக்காட்டிலும் அதன் மடிப்பில் கிடக்கும் சதுப்பிலும் பறவை பார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த முறை.

கேள்வி: காடும் சதுப்பும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள மலைப்பகுதி. கையில் ஒரே ஒரு நாள். எங்கே தொடங்குவது?

சதுப்பின் ஓரத்தில். அதுவும் விடிவதற்கு அரைமணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். கானாங்கோழிகளும் உள்ளான்களும் புல்லை விட்டுச் சேற்றுக்கு வந்து இரை தேடுவது அந்த மங்கலான வெளிச்சத்தில்தான். வெயில் ஏறினால் மறுபடி புல்லுக்குள் போய்விடும், பிறகு மாலைவரை காண்பது அரிது. காட்டோரமாக, முதுகுக்குப் பின்னால் புதரோ மரமோ இருக்கும்படி தாழ்வாக உட்காருங்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரிந்தால் ஒன்றும் வெளியே வராது. அங்கிருந்தே காட்டின் விடியற்காலைக் குரல்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

காட்டுக்குள் அவ்வளவு சீக்கிரம் போய்ப் பயனில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகிறது. உச்சிக்காட்டில் வெயில் படும்வரை பூச்சிகள் அசைவதில்லை, பூச்சி தின்னும் பறவைகளும் சுறுசுறுப்பாவதில்லை. முதல் வெயில் விழுவது கிழக்குப் பார்த்த சரிவில். அதற்கு எதிரே நின்றால் சூரியன் உங்கள் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் சரியாகத் தெரியும். நண்பகலில் திறந்த இடத்துக்கு வந்து வானத்தைப் பாருங்கள், கழுகுகள் வட்டமிடும் நேரம் அது. மாலையில் திரும்பவும் சதுப்பு. குளிர்காலமாக இருந்தால் பூனைப்பருந்துகள் அடைவதற்காகப் புல்வெளிக்குத் தாழப் பறந்து வருவதைப் பார்க்கலாம்.

கேள்வி: காட்டில் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒன்றும் தென்படுவதில்லை. திடீரென்று பத்துப் பதினைந்து பறவைகள் தலைக்கு மேல் வருகின்றன. ஒன்றைப் பார்ப்பதற்குள் எல்லாம் போய்விடுகின்றன. என்ன செய்வது?

அது கலப்புக் கூட்டம். பல இனங்கள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும். கூட்டம் சேர்ந்தால் இரையும் கிளம்பும், வல்லூறு வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும். இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் காட்டுப் பறவைகளில் பெரும்பகுதி இப்படித்தான் திரிகிறது. எனவே கூட்டங்களுக்கு இடையே காடு வெறிச்சென்று இருப்பது இயல்பு. நடையைக் குறையுங்கள். நூறடி நடந்தால் பத்து நிமிடம் நில்லுங்கள். கண்ணை விடக் காதுதான் முதலில் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும். ஓயாமல் கிச்சுக்கிச்சென்று கத்தும் சில சிறு பறவைகளைச் சுற்றித்தான் மற்றவை சேர்கின்றன.

கூட்டம் வந்ததும் அதன் பின்னால் ஓடாதீர்கள். அது போகும் திசையைப் பார்த்து, முன்னால் உள்ள மர இடைவெளிக்குப் போய் நில்லுங்கள். பறவைகள் அந்த இடைவெளியை ஒவ்வொன்றாகக் கடக்கும். முதலில் பைனாகுலர் இல்லாமல் மொத்தத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பிறகு அடுக்கடுக்காகப் பிரியுங்கள்: அடிமரத்தில் மரங்கொத்தியும் பசையெடுப்பானும், உச்சியில் மின்சிட்டு, இலை நுனிகளில் கதிர்க்குருவி, நடுக்கொம்பில் நேராக உட்கார்ந்து பாய்ந்து திரும்புவது ஈப்பிடிப்பான். கூட்டத்தின் கடைசியில் கரிச்சான் இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றவை கிளப்பிவிடும் பூச்சிகளுக்காக அது பின்தொடரும். பெரும்பாலானோர் முதலில் கண்ட, நன்றாகத் தெரிந்த பறவையையே பார்த்துக்கொண்டு நின்று மற்றதைக் கோட்டைவிடுகிறார்கள்.

கேள்வி: சதுப்பில் எழும்பும் உள்ளான் கோரை உள்ளானா, ஊசிவால் உள்ளானா என்று எப்படிச் சொல்வது?

பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளைக்கோடு இருந்தால் கோரை உள்ளான். ஊசிவாலுக்கு அந்தக் கோடு இல்லை, இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் கரும்வரிகளாக இருக்கும், கால்விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீளும். கோரை உள்ளான் கரகரவென்று கத்தி வளைந்து வளைந்து பறக்கும். ஊசிவாலின் பறப்பு அவ்வளவு வளைவதில்லை. உட்கார்ந்திருந்தால் அலகு முகத்தோடு சேரும் இடத்தில் பாருங்கள்: கண்ணுக்கு மேலுள்ள வெளிர்பட்டை, கண்ணுக்கு முன்னுள்ள கருங்கோட்டை விட அகலமாக இருந்தால் ஊசிவாலாக இருக்கலாம். வால் விரியும்போது தெரியும் ஊசி போன்ற ஓர இறகுகள்தான் முழுச் சான்று. ஆனால் அதைக் காண ஒழுங்கான புகைப்படம் வேண்டும்.

இதற்காக ஒரே பறவையை மறுபடி மறுபடி எழுப்பக் கூடாது. உள்ளான் கடைசி நொடிவரை தன் நிறத்தை நம்பிப் பதுங்கியிருக்கும் பறவை. குளிர்காலத்தில் ஒவ்வொரு முறை எழும்புவதும் அதற்குச் செலவுதான். சந்தேகமாக இருந்தால் ‘உள்ளான், இனம் உறுதியில்லை’ என்று எழுதுங்கள். அது நேர்மையான, பயனுள்ள குறிப்பு.

கேள்வி: பனிமூட்டத்தில் பைனாகுலர் மங்கிவிடுகிறது. 10×42 வாங்கியும் காட்டுக்குள் சரியாகத் தெரியவில்லை.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. 10×42 என்றால் உருப்பெருக்கம் 10 மடங்கு, முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் 5.25 மி.மீ., 10×42 என்றால் 4.2 மி.மீ. இருண்ட காட்டில் இந்த வேறுபாடு தெரியும். 8 மடங்கில் பார்வைப்பரப்பும் அகலம், கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். காட்டுக்கு 8×42தான் என் பரிந்துரை. சதுப்பின் மறுகரைக்கு வேண்டுமானால் 10.

வாங்கியதை மாற்ற முடியாவிட்டால், இரு கண்களின் பார்வை வேறுபாட்டை ஈடுசெய்யும் வலக்கண் சரிசெய்வளையத்தையாவது ஒழுங்காக வையுங்கள். வலப்பக்க முன்கண்ணாடியை மூடி, இருபது மீட்டர் தொலைவு மரப்பட்டையை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே பட்டையைத் தெளிவாக்குங்கள். பையில் உரசி இந்த வளையம் நகர்ந்துவிடும். தினமும் காலையில் ஒருமுறை சரிபாருங்கள்.

மங்குவதற்குக் காரணம், குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிவது. குளிர்ந்த பைனாகுலரை வியர்த்த மேல்சட்டைக்குள் செருகினால் உடனே மங்கும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது பையை மூடிவைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கள். ஈரத்தோடு சட்டை முனையால் துடைத்தால் மணல்துகள் பூச்சைக் கீறும். ஊதுபந்தால் தூசியை நீக்கிய பின்னரே மென்துணி. இரவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்காது.

கேள்வி: செயலியில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை வருகிறது. தவறா?

ஆம், தவிர்க்க வேண்டும், குறிப்பாகக் கூடுகட்டும் காலத்தில். அந்த ஆண் வருவது உங்களைப் பார்க்க அல்ல, தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று பதறித்தான். அந்த நேரம் இரை தேடுவது நிற்கிறது, கூடு காவலில்லாமல் கிடக்கிறது. பலர் போகும் பாதையில் ஒரே பறவைக்கு இது நாளெல்லாம் நடக்கும். குரலை இனங்காணும் செயலியைப் பயன்படுத்தலாம். ஆனால் அது காட்டும் பெயரைக் கண்ணாலோ தெரிந்த காதாலோ உறுதிசெய்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: சதுப்புக்குள் இறங்கி நடக்கலாமா?

வேண்டாம். மேலே புல் மூடியிருந்தாலும் அடியில் மட்கிய கரிச்சேறு எவ்வளவு ஆழம் என்று தெரியாது. மிதக்கும் புல்மெத்தை ஆளின் எடைக்குக் கிழியும். ஓரத்தில் ஓரடி வைக்க வேண்டியிருந்தாலும் முதலில் கம்பால் குத்திப் பாருங்கள், புல்குத்துகளின் அடியில் காலை வையுங்கள். அதைவிடப் பெரிய காரணம், கால்தடம் பதிந்த கோடு மழைக்குப் பின் ஓடையாகும், ஓடை வழியே சதுப்பு நீரை இழக்கும். தரையில் கூடு வைக்கும் பறவைகளும் அந்தப் புல்லுக்குள்தான் இருக்கின்றன. கரையிலிருந்து டெலஸ்கோப்பை 20 முதல் 30 மடங்கில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் வெயில் நேரத்தில் கானல் அலையில் படம் நெளியும்.