எக்செல் அட்டவணைத் தலைப்பு தானாக மாற என்ன வழி?

சிங்கப்பூர் தேக்கா கடைக் கணக்கில் ஒரு கட்டத்தில் (செல்) உள்ள மாதத்தை மாற்றினால் தலைப்புகளும் மாற வேண்டும், ஆனால் ஃபார்முலா போட்டதும் வெறும் எழுத்தாகிவிடுகிறது என்கிறீர்கள். உங்கள் தவறில்லை. கன்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தி உருவாக்கும் அட்டவணை, ஒவ்வொரு நெடுவரிசையையும் தலைப்புப் பெயரால்தான் அடையாளம் காண்கிறது. அதனால் தலைப்பில் ஃபார்முலா நிற்காது.

டேபிள் டிசைனில் 'ஹெடர் ரோ' டிக்கை எடுத்துவிடுங்கள். காலியாகும் அந்த வரிசையின் முதல் கட்டத்தில் சமக்குறி போட்டு மாதக் கட்டத்தைச் சுட்டுங்கள். மாதக் கட்டத்தில் இருப்பது 1/1/2025 போல உண்மையான தேதியாக இருக்கட்டும். 'ஜனவரி' என்று தட்டச்சு செய்தால் கணக்கு ஓடாது. அடுத்த கட்டங்களுக்கு, அடுத்த மாதத் தேதியைத் தரும் 'இடேட்' (EDATE) ஃபார்முலா: முந்தைய கட்டம், கமா, 1. அப்புறம் மாதப்பெயர் தெரியும்படி ஃபார்மட் மாற்றுங்கள்.

ஃபில்டர் அம்புகள் போய்விடும். அவை வேண்டுமென்றால் அட்டவணையைச் சாதாரண ரேஞ்சாக மாற்றி, டேட்டா மெனுவில் ஃபில்டர் போடுங்கள்.