டொயோட்டா பிரியஸின் ஹைபிரிட் பற்றரிக்குப் பதிலாக ஈய-அமில பற்றரி போடலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மூன்றாம் தலைமுறை பிரியஸின் பெரிய பற்றரி செத்துவிட்டது. மலிவான ஈய-அமில பற்றரிகளை வரிசையாக இணைத்தால் ஓடாதா?"

வேண்டாம் தம்பி. அந்தப் பெரிய பற்றரியின் 201.6 வோல்ட்டை எப்படியோ எட்டிவிடலாம், சிக்கல் அதன் பிறகுதான். பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார், பற்றரியை முழுதாக நிரப்பவே விடாது; பிரேக் பிடித்தால் வரும் மின்சாரத்துக்கு இடம் வேண்டுமே. ஈய-அமில பற்றரிக்கோ அடிக்கடி முழுச் சார்ஜ் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் எதிர்மின் (மைனஸ்) தகட்டில் ஈய சல்பேட் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். அநுராதபுரச் சந்தி நெரிசலில் நின்று நின்று போகும்போது, வேகமாக ஏறி இறங்கும் மின்னோட்டம் அதை இன்னும் மோசமாக்கும்.

வழியே இல்லை என்றில்லை. அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அந்தத் தகட்டில் கார்பன் சேர்த்து 'அல்ட்ராபற்றரி' செய்தது. ஹொண்டா இன்சைட் என்ற ஹைபிரிட் காரில் பொருத்தி 1,00,000 மைல் ஓட்டியும் பார்த்தார்கள். ஆனால் அது கடையில் கிடைக்கும் சாதாரண பற்றரி அல்ல.

சரி, செலவுக்கு முன் பின்பக்கத்து 12 வோல்ட் பற்றரியைச் சோதியுங்கள். அது ஈய-அமில வகைதான்; அது இறங்கினாலே கார் உயிர் பெறாது. பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் பின் இருக்கையோரக் காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். நிலாவெளி மணல் அடைத்திருந்தால் பெரிய பற்றரி சூடாகியே கெடும்.